வலது ஓரத்துப் போண்டா

தெரிந்த வேலையைத் தெரிந்தே கெடுப்பது என்று ஆதிராஜ் தன் நாற்பத்தாறாவது வயதில் ஒரு தீர்மானத்துக்கு வந்தான்.

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி அவனுக்கு ஒரு கடை. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ. அதோடு வீடியோ எதுவானாலும் டிஸ்க்கில் ஏற்றித் தருவான். இந்தக் காலத்தில் டிஸ்க் யார் கேட்கிறார்கள் என்று நினைக்கலாம். கேட்கிறார்கள். பென்டிரைவை நம்பாத வெளிநாட்டுக் கிழவர்கள் கேட்கிறார்கள். போனை நம்பாத மாமனார்கள் கேட்கிறார்கள். கடை வாசலில் 'பளிச்சென்ற படத்துக்கு நாங்கள்' என்று போர்டு தொங்கியது. பதினெட்டு வருஷமாக அந்த போர்டு பொய் சொன்னதில்லை.

அதைப் பொய்யாக்கப் போவது ஒரு போண்டா என்று அவன் கனவிலும் நினைத்திருக்கமாட்டான்.

ஆதிராஜ் வீட்டார் சமணர்கள். இருட்டின பிறகு சாப்பிடக் கூடாது என்பது அவர்களில் பெரியவர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிப்பது. மற்றவர்கள் பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது கடைப்பிடிப்பது. போன வருஷம் மாமனார் ஊரில், கீழ்பென்னாத்தூரைத் தாண்டி உள்ளே போகிற கிராமத்தில், கோயில் திருவிழா. மாமனார் தரணேந்திர நயினார் கூட்டத்தின் நடுவில் எழுந்து, ஒரு வருஷத்துக்கு ராத்திரி சாப்பாட்டை விடுவதாக யாரெல்லாம் விரதம் எடுக்கிறீர்கள் என்று கேட்டார். ஆதிராஜ் கையைத் தூக்கினான். கொசுவை விரட்டத் தூக்கினானா, நிஜமாகவே தூக்கினானா என்று இன்றைக்கும் அவனுக்குச் சந்தேகம். பக்கத்தில் அவன் மனைவி ஜெயமதியும் தூக்கினாள். மொத்தம் பதினாலு பேர்.

விரதத்தை முடித்தவருக்கு அடுத்த வருஷத் திருவிழாவில் முதல் கலசம். அதாவது, அபிஷேகத் தண்ணீரைக் கிணற்றிலிருந்து கலசத்தில் எடுத்துக்கொண்டு, மேளத்தோடு, ஊர் பார்க்க முன்னால் நடந்து போகிற மரியாதை. ஆதிராஜுக்கு ஊரில் அதுவரை கிடைத்த மரியாதை, 'ஜெயமதி டீச்சர் வீட்டுக்காரர்' என்பதுதான். பதினாலு பேரில் பன்னிரண்டு பேர் மழைக்காலம் முடிவதற்குள் பசி தாங்காமல் ஒப்புக்கொண்டு விலகினார்கள். மிஞ்சியது ஆதிராஜும் ஜெயமதியும். கலசம் மாப்பிள்ளைக்கு என்று மாமனார் அறிவித்துவிட்டார். பட்டு வேட்டிகூட எடுத்தாகிவிட்டது.

திருவிழாவுக்கு ஒரு மாதம் முன்பு ஜெயமதியின் தம்பி ஜினேஷுக்குக் கல்யாணம் வந்தது. பெண் வர்ஷா. திருவண்ணாமலையில் மண்டபம். முதல் நாள் சாயங்காலம் ரிசப்ஷன். சொந்தக்காரர்களுக்கு ஐந்தரை மணிக்கே பந்தி முடிந்தது. ஜினேஷின் ஆபீஸ் நண்பர்களுக்கு ஏழரைக்கு மேல் தனிப் பந்தி. அந்தப் பந்தியில் போண்டா போட்டார்கள். எண்ணெய்ச் சட்டியிலிருந்து நேராக இலைக்கு வரும் போண்டா. அதன் வாசனை மேடை வரைக்கும் வந்தது.

எட்டு மணிக்கு ஜெயமதி, "தாம்பூலப் பையெல்லாம் எடுத்து வெச்சுட்டு வரேங்க" என்று எழுந்து போனாள். எட்டே காலுக்கு ஆதிராஜ், "ஜெனரேட்டரைப் பார்த்துட்டு வரேன்" என்று காற்றிடம் சொல்லிவிட்டு எழுந்து போனான். ஜெனரேட்டர் வெளியே இருந்தது. அவன் உள்ளே போனான்.

அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

பத்து நாள் கழித்து ஜெயமதி பென்டிரைவைக் கொண்டுவந்து கொடுத்தாள். வீடியோ எடுத்தது கோபி. பெரிய கடைத்தெருவில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான். பத்தாவதில் ஜெயமதியிடம் அறிவியல் படித்தவன், இன்றைக்கும் அவள் நின்றால் அவனும் நிற்பான்.

"கோபி எடிட் பண்ணிக் குடுத்துட்டான். அப்பாவுக்கு சிடி போட்டுக் குடுத்துடுங்க. திருவிழாவுக்கு மொத நாள் மத்தியானம் சொந்தக்காரங்க எல்லாம் ஊர்ல அப்பா வீட்டு ஹால்ல உக்காந்து பார்க்கப் போறாங்களாம்."

"போன்ல அனுப்பிடலாமே."

"போன்ல பார்த்தா கல்யாணம் குட்டியா இருக்குதாம். ரிசப்ஷன்ல அவரு வாழ்த்திப் பேசுனாரு பாருங்க, அதைப் பெருசாப் பார்க்கணுமாம்."

மறுநாள் காலை கடையில் உட்கார்ந்து அந்தப் படத்தை ஓட்டிப் பார்த்தான் ஆதிராஜ். மூன்று மணி நாற்பது நிமிஷம். இரண்டு மணி பன்னிரண்டாவது நிமிஷத்தில் மாமனார் மேடை ஏறினார். ஜினேஷும் வர்ஷாவும் குனிந்தார்கள். மாமனார் கையில் அட்சதையோடு வாழ்த்த ஆரம்பித்தார். நான்கு நிமிஷம் வாழ்த்தினார். நல்ல வாழ்த்து. ஆதிராஜ் ரசித்துக்கொண்டே வந்து, தற்செயலாகத் திரையின் வலது ஓரத்தைப் பார்த்தான்.

அங்கே, மேடைத் தூணுக்குப் பின்னால், ஒருவன் போண்டா தின்றுகொண்டிருந்தான்.

சட்டை தெரிந்தது. மூக்குக் கண்ணாடி தெரிந்தது. ஒரு கன்னம் உப்பியிருந்தது. தலைக்கு மேலே மண்டபத்தின் பெரிய சிவப்பு எண் கடிகாரம், 8:20 என்று சாட்சி சொன்னது. கீழே நாற்காலிகளில் இருந்தவர்களுக்குத் தூண் மறைத்திருந்தது வாஸ்தவம். ஆனால் கோபி மேடைமேலேயே ஏறி நின்றல்லவா எடுத்திருக்கிறான். மாமனார், 'நெறி தவறாம வாழணும்' என்று சொல்லும் இடத்தில் வலது ஓரத்து ஆள் சட்னியைத் தொட்டுக்கொண்டான்.

ஆதிராஜ் அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பார்த்தான். மாமனார் வீட்டு ஹாலில் நாற்பத்து மூன்று இஞ்ச் டிவி. அதில் போண்டா பூசணிக்காய் அளவுக்குத் தெரியும். சித்தப்பாக்கள் பார்ப்பார்கள். விரதத்திலிருந்து விலகின பன்னிரண்டு பேரும் பார்ப்பார்கள். ஜெயமதி பார்ப்பாள். சாயங்காலம் ஐந்தரைக்குள் சமைத்து முடிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வந்து ஒரு வருஷமாக அடுப்பில் நின்றவள் அவள்.

வெட்டி எடுத்துவிடலாம் என்றால் மாமனாரின் வாழ்த்தும் சேர்ந்து போகும். அதற்காகத்தான் அவர் டிஸ்க்கே கேட்கிறார். போண்டாவை மட்டும் மறைக்கிற வித்தை ஆதிராஜுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்தது ஏற்றுவதுதான், எடிட்டிங் இல்லை. கோபியிடம் கேட்கலாம். கேட்டால் ராத்திரிக்குள் மலை சுற்றுகிற சாமியார்கள் உட்பட எல்லோருக்கும் தெரிந்துவிடும். கோபி வாயில் எதுவும் நிற்காது என்பது ஊர் அறிந்தது.

அவனுக்குக் கோபி மேல் இன்னொரு வருத்தமும் இருந்தது. அந்த நான்கு நிமிஷமும் திரையின் இடது ஓரத்தில் பெரிய ரோஜாப் பூ ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. கல்யாண வீடியோக்காரர்கள் ஆசைக்குப் போடுவது. இந்த ரோஜாவை வலது பக்கம் போட்டுத் தொலைத்திருந்தால் என்ன என்று ஆதிராஜ் திரையைப் பார்த்துக் கேட்டான். ரோஜா இடது பக்கமே சுற்றியது.

ஆக, ஒரே வழி. படம் தெளிவாக இருக்கக் கூடாது.

முதல் டிஸ்க்கில் மூன்று மணி நாற்பது நிமிஷத்தையும் ஒன்றாக அடைத்தான். ஒரு டிஸ்க்கில் இவ்வளவு நேரத்தைத் திணித்தால் படம் நசுங்கும் என்று எல்.கே.ஜி. அளவு அறிவு உள்ளவனுக்கும் தெரியும். இருக்கிறதிலேயே மட்டமான தரத்தைத் தேர்ந்தெடுத்தான். மனசு வலித்தது. பதினெட்டு வருஷத்தில் அந்த இடத்தை அவன் தொட்டதே இல்லை.

வீட்டில் ஜெயமதி போட்டுப் பார்த்தாள். படம் கட்டம் கட்டமாக உடைந்து வந்தது. மாமனார் மேடை ஏறினபோது சிவப்பும் வெள்ளையுமாக நாலைந்து செங்கல் நகர்ந்து வந்து நின்றது. வலது ஓரத்தில் ஒரு நீலச் செங்கல், ஒரு மஞ்சள் செங்கல். ஆதிராஜுக்கு மூச்சு வந்தது.

"ஏங்க, இது அப்பாவா, காஸ் சிலிண்டரா?"

"மாமாதான். உத்துப் பாரு."

"உத்துப் பார்த்துதான் கேக்கறேன்."

"டிஸ்க் சரியில்ல ஜெயா. இப்பல்லாம் நல்ல டிஸ்க் எங்க வருது."

ஜெயமதி டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். அறிவியல் டீச்சர். ஒரு சோதனை தப்பாகப் போனால் ஒவ்வொரு காரணமாக மாற்றிப் பார்க்க வேண்டும் என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள்.

"மொத்தத்தையும் ஒரே டிஸ்க்ல போட்டீங்களா?"

"ஆமா."

"ரெண்டாப் பிரிச்சுப் போடுங்க. படம் நசுங்குது. வேற எதுனா காரணம் இருக்குதா?"

"வேற என்ன இருக்கப் போவுது?"

"சும்மா கேட்டேங்க."

இரண்டாவது முறை இரண்டாகப் பிரித்தான். பிரித்தாக வேண்டியிருந்தது. அவள் இரண்டு காலி டிஸ்க்கை அவளே வாங்கி அவன் பையில் வைத்துவிட்டாள். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் படத்தின் அளவைக் கால்வாசியாகக் குறைத்து, அதையே மறுபடி பெரிசாக்கி ஏற்றினான். கட்டங்கள் போய்விட்டன. பதிலுக்கு மார்கழி மாதப் பனி வந்தது. மணமகனும் மணமகளும் பனிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஜினேஷ் முகத்துல மீசை எங்கங்க?"

"இருக்குது, இருக்குது. லேசாத் தெரியுது."

"வர்ஷாவுக்கும் லேசாத் தெரியுது."

ஆதிராஜ் இந்தக் கேள்விக்குத் தயாராக வந்திருந்தான். ஆசிரமம் பக்கத்து காபிக் கடையில் ஒரு வெளிநாட்டம்மா சொல்லக் கேட்டது கைவசம் இருந்தது.

"ஜெயா, நம்ம மலை இருக்குதே, அதுக்குள்ள ஒரு சக்தி இருக்குதாம். காந்தம் மாதிரி. கடை மலைக்கு நேரா இருக்குது. ஏத்துற நேரத்துல அது டிஸ்க்கைப் பிடிச்சு இழுக்குது."

"அப்போ பதினெட்டு வருஷமா நீங்க ஏத்துன சிடிக்கெல்லாம் மலைக்கு லீவா?"

"இப்போ பௌர்ணமி கிட்ட வருது. சக்தி ஜாஸ்தி."

"சிடியைக் காந்தம் ஒண்ணும் பண்ணாதுங்க. அதுல எழுதறது வெளிச்சம். எட்டாவது பாடம்." அவள் டிஸ்க்கை உறைக்குள் போட்டாள். "வேற எதுனா காரணம் இருக்குதா?"

"இல்லியே."

"சரி. சனிக்கிழமை எனக்கு லீவு. நான் கடைக்கு வரேன்."

அந்த ஐந்து நாளும் ஆதிராஜ் சரியாகத் தூங்கவில்லை. பயத்தோடு இப்போது அவமானமும் சேர்ந்துகொண்டது. ஆட்டோ ஓட்டும் சடையன், தன் கல்யாணக் கேசட்டை டிஸ்க்கில் ஏற்றச் சொல்லி ஒரு வாரமாகக் கடையில் கொடுத்து வைத்திருந்தவன், புதன்கிழமை வந்து தயங்கித் தயங்கி நின்றான்.

"அண்ணா, அந்தக் கேசட்டைக் குடுத்துடுங்க."

"ஏன்? நாளைக்கு ஏத்திடறேன்."

"இல்லணா, டீச்சர் சொன்னாங்க. உங்களுக்கு இப்போ கை சரியா வரலையாம். என் பொண்டாட்டி மூஞ்சி இருக்கறதே அதுல ஒண்ணுதான், போயிடப் போவுது பாருங்க."

கேசட்டை வாங்கிக்கொண்டு போகும்போது சடையன் வாசல் போர்டை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தான். ஆதிராஜ் உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தான்.

சனிக்கிழமை ஜெயமதி வந்து ஸ்டூலைப் போட்டு அவன் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டாள். அவள் பார்க்கப் பார்க்க அவன் உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்தான். வேகத்தை நாலுக்குக் குறைத்தான், வேகமாக ஏற்றினால் தவறு வரும் என்று அவளே சொன்னாள். எல்லாம் சரியாக இருந்தது. அவள் வருவதற்கு அரை மணி முன்னாலேயே அவன் செய்து வைத்திருந்த ஒரு காரியம் மட்டும் அவள் கண்ணில் படவில்லை. பழைய பெட்டி டிவிக்கு ஏற்ற மாதிரி படத்தின் இரண்டு ஓரங்களையும் தாராளமாகவே வெட்டும்படி வைத்திருந்தான். ஓரம் போனால் ரோஜா போகும், போண்டா போகும். இது ஏன் முன்னாலேயே தோன்றவில்லை என்று தன்னைத் தானே பாராட்டிக்கொண்டான்.

அங்கேயே போட்டுப் பார்த்தார்கள். கண்ணாடி மாதிரி தெளிவு. ஜினேஷ் மீசை முடிமுடியாகத் தெரிந்தது. மாமனார் வாழ்த்தும் இடம் வந்தது. ஜினேஷும் வர்ஷாவும் குனிந்தார்கள். வலது பக்கத்திலிருந்து ஒரு கை வந்தது. அட்சதை போட்டது. குரல் கேட்டது. ஆள் வரவில்லை. மாமனார் அன்றைக்குக் கொஞ்சம் ஓரமாக நின்றிருக்கிறார்.

"இந்தக் கை யாருதுங்க?"

"மாமாவோடது."

"மீதி அப்பா எங்க?"

ஆதிராஜ் திரையை எட்டிப் பார்த்தான், மாமனார் அந்தப் பக்கம் ஒளிந்துகொண்டிருப்பவர் போல. "தெரியல ஜெயா. கட் ஆயிடுச்சு போல."

"நாலு நிமிஷமா ஒரு கை மட்டும் பேசுது."

"குரல் தெளிவா இருக்குது பாரு."

ஜெயமதி எழுந்து ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்தாள். கைப்பையை மாட்டிக்கொண்டாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள்.

"ஏங்க, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. வேற எதுனா காரணம் இருக்குதா?"

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பட்டு வேட்டி கண்ணில் வந்து நின்றது. மேளம் கேட்டது. முன்னால் நடக்கிற அவனையும் பின்னால் வருகிற ஊரையும் பார்த்தான்.

"ஒண்ணும் இல்ல ஜெயா."

"சரி."

அவள் கத்தியிருந்தால் அவனுக்குப் பயம் இருந்திருக்காது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஜெயமதி கத்தினபோதெல்லாம் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது. 'சரி' என்று சொன்ன மூன்று தடவையும் மூன்று பெரிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. ஒன்றில் வீடு மாற்றினார்கள்.

அடுத்த சனிக்கிழமை, திருவிழாவுக்கு முதல் நாள், இரண்டு பேரும் பைக்கில் கிளம்பினார்கள். கீழ்பென்னாத்தூர் தாண்டி வேர்க்கடலை வயல்களுக்கு நடுவில் போகிற ரோடு. பட்டு வேட்டி முன்னால் பெட்டியில். ஜெயமதி பின்னால், மடியில் பையோடு. பைக்குள் இருந்து ஏதோ கூர்மையான பெட்டி ஒன்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவன் முதுகில் குத்தியது. கை மட்டும் தெரியும் அந்த சிடி வேட்டியோடு பெட்டியில் இருந்தது. மாமனார் கேட்டால் அதைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்வதாக ஏற்பாடு.

"என்னது அது, குத்துது?"

"சிடிங்க."

"சிடி எங்கிட்டல்ல இருக்குது?"

"இது கோபி போட்டுக் குடுத்தான். ரெண்டு டிஸ்க்கா, நிதானமா ஏத்தினானாம். பளிச்சுனு இருக்குது."

பைக் ரோட்டை விட்டு இறங்கி, வேர்க்கடலைக்குள் கொஞ்ச தூரம் போய், மறுபடி ரோட்டுக்கு வந்தது.

"பார்த்து ஓட்டுங்க."

"நீ... பார்த்துட்டியா அதை?"

"ம்."

"பூராவா?"

"எனக்கு எங்கங்க நேரம்" என்றாள் ஜெயமதி. அதற்கு என்ன அர்த்தம் என்று மிச்ச ஏழு கிலோமீட்டரும் யோசித்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

மாமனார் வீட்டு ஹாலில் பாய் விரித்து முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் விரதத்திலிருந்து விலகின பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர். மாமனார் பிளேயரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். ஆதிராஜ் கரண்ட் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். கரண்ட் போனது. முப்பது வருஷம் விவசாயம் பார்த்த மாமனார் போன மாதம்தான் இன்வெர்ட்டர் போட்டிருந்தார். டிவி அசையாமல் ஓடியது.

முதல் டிஸ்க் முடிந்தது. எல்லோரும் மோர் குடித்தார்கள். இரண்டாவது டிஸ்க் போட்டார்கள். பளிச்சென்று இருந்தது. தூரத்தில் நின்றவர்களின் சட்டைப் பட்டன்கூடத் தெரிந்தது. தெரியத் தெரிய ஆதிராஜுக்கு வியர்த்தது. அவனுக்குக் கணக்கு தெரியும். இருபத்திரண்டாவது நிமிஷம். பத்தொன்பது ஆனது. இருபது ஆனது. பக்கத்தில் ஜெயமதி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டு முழிப்பதைவிட முந்திக்கொண்டு சொல்வது கௌரவம் என்று அவனுக்குத் திடீரென்று தோன்றியது. பயம்தான் அப்படித் தோன்ற வைத்தது, அது அவனுக்கே தெரியும்.

இருபத்தோராவது நிமிஷத்தில் எழுந்து போய் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான்.

"மாமா, ஒரு நிமிஷம். நான் ஒண்ணு சொல்லணும்."

"படம் முடியட்டுமே மாப்ள. நான் வரப் போறேன் இப்போ."

"அதுக்கு முன்னாடி சொல்லணும். நான் விரதத்தை முறிச்சுட்டேன். ரிசப்ஷன் அன்னிக்கு எட்டு இருபதுக்குத் தூணுக்குப் பின்னால நின்னு போண்டா சாப்பிட்டேன். நீங்க வாழ்த்துறப்போ. இப்போ வரப் போவுது பாருங்க, வலது ஓரத்துல."

ஜெயமதி அவன் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்தாள். உட்காரச் சொல்கிறாள். அவன் உட்காரவில்லை. ஆரம்பித்த பிறகு நிறுத்த வரவில்லை.

"எத்தனை?" என்றார் மாமனார்.

"ரெண்டு மாமா. சட்னியோட. அது மட்டும் இல்ல. மழை நாள்ல கடையில ஆறரைக்கு மேல டீயும் வர்க்கியும். நாலு தடவை. அஞ்சு. ஒரு தடவை ரெண்டு வர்க்கி."

"வர்க்கியை யாரு கேட்டாங்க?" என்று முன் வரிசையில் ஒருவர் முனகினார்.

மாமனார் அவன் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிக்கொண்டார். பிறகு சொன்னார். "சரி. தள்ளி உக்காருங்க மாப்ள. என்னை மறைக்கறீங்க."

ஆதிராஜ் உட்கார்ந்தான். படம் ஓடியது. மாமனார் மேடை ஏறினார், முழு மாமனார். அட்சதையை எடுத்தார். இடது ஓரத்தில் ரோஜா சுற்றியது. முப்பது பேரும் வலது ஓரத்தைப் பார்த்தார்கள்.

வலது ஓரத்திலும் ஒரு ரோஜா சுற்றியது.

பெரிய ரோஜா. தூணை மறைத்தது, கடிகாரத்தை மறைத்தது. நான்கு நிமிஷமும் நிதானமாகச் சுற்றியது. மாமனார் இரண்டு ரோஜாவுக்கும் நடுவில் நின்று நெறி தவறாமல் வாழச் சொன்னார்.

"போண்டா எங்க மாப்ள?"

"பின்னால மாமா. ரோஜாவுக்குப் பின்னால."

"பின்னாலயா?" மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியல. யாருக்குனா தெரியுதா?"

யாருக்கும் தெரியவில்லை. ரெட்டை ரோஜா எடுப்பாக இருக்கிறது என்று ஒரு அத்தை சொன்னாள். மாமனார் பெருமூச்சு விட்டார். "தெரியுதோ இல்லியோ, நீங்களா எழுந்து ஒத்துக்கிட்டீங்க. அது பெரிய மனசு. ஆனா கலசம் குடுக்க முடியாது. ஜெயா எடுக்கட்டும். இந்த மாதிரி ஆளை வீட்டுல வெச்சுக்கிட்டு ஒரு வருஷம் ஒழுங்கா இருந்திருக்குது என் பொண்ணு." ஜெயமதி தலையைக் குனிந்துகொண்டாள். முன் வரிசை ஒன்பது பேரும் திருப்தியாக மோர் கேட்டார்கள்.

மறுநாள் காலை கிணற்றடியில் மேளம் தயாராக நின்றது. ஜெயமதி பட்டுப் புடவையில், இடுப்பில் நிறைந்த கலசத்தோடு முன்னால் நின்றாள். ஆதிராஜ் பக்கத்தில் அவளுக்குக் குடை பிடித்தான். மறு கையில் அவள் செருப்பு. கோபி கேமராவோடு எதிரில் வந்தான்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளிக்கோங்க. மிஸ் மட்டும் வரட்டும்."

ஆதிராஜ் குடையை நீட்டிப் பிடித்தபடி தள்ளினான். கோபி பின்னால் நகர்ந்ததும் ஜெயமதியிடம் மெதுவாகக் கேட்டான்.

"நீ மொதல்லயே பார்த்துட்டியா?"

"மொத நாளே."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"நீங்களா சொல்வீங்கன்னு மூணு தரம் கேட்டேன். எங்கிட்ட சொல்லியிருந்தா போதும். அதுக்குத்தான் கோபிகிட்ட சொல்லி ரோஜா வெச்சேன். நீங்க ஊரைக் கூட்டி வெச்சு சொல்லிட்டீங்க. வேட்டியைப் பிடிச்சு இழுத்தேனே, தெரியல?"

அவனுக்கு அழுகையே வந்தது. இவ்வளவு நல்லவளிடம் மலையையும் பௌர்ணமியையும் இழுத்து எவ்வளவு பொய் சொன்னோம் என்று நினைத்துக்கொண்டான். கோபி வாயையும் இவள் எப்படியோ கட்டியிருக்கிறாள். மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். அப்போதுதான் ஆதிராஜுக்கு அது உறைத்தது.

"ஜெயா, வலது பக்க ரோஜா எனக்காக வெச்சது. சரி. இடது பக்க ரோஜா முன்னாடியே இருந்துச்சே?"

"ஆமா. அது உங்க கைக்கு பென்டிரைவ் வர்றதுக்கு ரெண்டு நாள் முன்னயே வெக்கச் சொன்னது."

"அந்தப் பக்கமும் தூணு..."

"அந்தப் பக்கமும் தூணுதான். தாம்பூலப் பை வெச்சிருந்த ரூம் வாசல்."

ஆதிராஜ் குடையோடு அப்படியே நின்றான். பிறகு மாமனார் இருந்த பக்கம் திரும்பினான். "மாமா," என்றான்.

"என்ன மாப்ள, இன்னொரு போண்டாவா?"

கூட்டம் சிரித்தது. சடசடவென்று மேளம் கிளம்பியது. ஆதிராஜ் வாயை மூடிக்கொண்டு குடையை நேராகப் பிடித்தான். ஜெயமதி கலசத்தை இடுப்பில் சரிசெய்துகொண்டு முதல் அடி எடுத்து வைத்தாள். ஊர் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட, உதடு அசையாமல் அவனிடம் கேட்டாள்.

"உப்பு கொஞ்சம் கம்மி, இல்லீங்க?"